பேருந்து நிறுத்தத்தில் நின்றவன்

"கண்ணு தெரியலையாம்மா?"

மழைக்குத் தலைகுனிந்து மருத்துவமனைக்குள் ஓடி வந்தவள் ஏணியில் மோத, மேலே நின்ற எலக்ட்ரீஷியனின் கையிலிருந்த பல்பு விழுந்து நொறுங்கியது.

"நடைபாதைய மறிச்சு ஏணி போட்டுட்டு என் கண்ணையா குறை சொல்றீங்க?"

நிமிர்ந்தாள். இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது... அவனுக்குச் சண்டையே மறந்துவிட்டது.

தையல்காரி அவள். தினமும் காலை ஒன்பதுக்கு வருவாள். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள, மெத்தடோன் என்ற மருந்தை நர்ஸ் கண்ணெதிரே குடித்துவிட்டுப் போவாள். மூன்றாம் நாள் அதை அவளே அவனிடம் சொல்லிவிட்டு எச்சரித்தாள்.

"யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசுங்க."

"ஏணிய இடிக்கிற ஆள்கிட்டன்னு தெரிஞ்சுதான் பேசறேன்."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு வார வயரிங் வேலையை அவன் நான்காக்கினான்.

ஒரு வெள்ளிக்கிழமை, எதிரே பேருந்து நிறுத்தத்தில் ஒருவன். அழுத்தி வாரிய தலை. அவன் கையோடு அவள் கை ஒரு நொடி சேர்ந்து விலகியது... எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டான். அன்று அவன் இணைத்த விளக்கு சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றியது.

நான்கு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளே வழிமறித்தாள்.

"என்ன கோபம்?"

"உங்களுக்குப் பேசத்தான் ஆள் இருக்கே... பஸ் ஸ்டாப்புல."

அவள் முகம் வெளுத்தது.

"அவன் ஹெராயின் பொடி விக்கிறவன். இந்த மருந்து எனக்கு ராத்திரி வரைக்கும் தாங்கல. உடம்பு முறுக்குது, தைக்க உட்கார்ந்தா கை நடுங்குது... அதான் இன்னும் வாங்குறேன். உள்ள சொன்னா விரட்டிருவாங்கன்னு பயம்."

அவன் வெட்கிப்போனான். ஆனால் பொறாமை அடங்கவில்லை, கூடியது. உடம்பு நோகும்போது அவள் தேடிப் போவது அந்த வாரிய தலைக்காரனைத்தானே... என்னையில்லையே.

"மருந்து பத்தலன்னு டாக்டர்கிட்ட சொல்லு... சொல்லுங்க. நான் வெளிய நிக்கிறேன்."

அரைமணி நேரம் நின்றான். கதவு திறந்தது.

"விரட்டல. அளவைக் கூட்டறாங்களாம். இத்தனை நாள் ஏன் சொல்லலன்னுதான் திட்டினாங்க."

"அப்போ அவன்?"

"வெள்ளிக்கிழமை வருவான். போகவே மாட்டேன்னு சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்ல..." கண்களைத் தாழ்த்தினாள். "ஆனா உங்களைப் பிடிச்சிருக்கு. அதை மட்டும் சத்தியமாச் சொல்லுவேன்."