கூரை ஓட்டையில் வந்த சூரியன்

நவமணியின் அப்பா அந்தக் கூரை ஓட்டையை அடைக்கவே மாட்டார். "நாளைக்கு அடைச்சிடுறேன்லா" என்பார். மழை வந்தால் அம்மா அதன் கீழே வாளியை வைத்துவிட்டு அவரைத் திட்டுவாள். ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில், மூன்று மாதமாக இதே கூத்துதான்.

1929 மே மாதம். அன்று மத்தியானம் சூரிய கிரகணம். உடையப்பன் வாத்தியார் எங்கிருந்தோ ஒரு தொலைநோக்கியை இரவல் வாங்கி வந்திருந்தார். "அதுல கண்ணை வெச்சா கண்ணு போயிடும்! சூரியன் இந்த வெள்ளைத் துணியில வந்து விழும். அதைப் பாருங்க" என்று முதல் நாளே பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டார்.

பத்து வயது நவமணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அவள் அக்கா காளியம்மா அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி கிரகண நேரத்தில் வெளியே தலைகாட்டக் கூடாதாம். அம்மா கதவைச் சாத்தி, சன்னல் இடுக்கில் எல்லாம் துணியைத் திணித்துவிட்டாள்.

"ஊரே பாக்குது. நான் மட்டும் இருட்டுல கிடக்கணுமா?"

நவமணிக்குப் பாவமாக இருந்தது. "நானும் போகலக்கா" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது.

தரையில் ஒரு வெளிச்சப் பொட்டு. கூரை ஓட்டை மட்டும் அம்மாவின் கைக்கு எட்டவில்லை!

நவமணி யோசித்தாள். தகரம் கிழிந்த ஓட்டை, மூணு மூலை. பொட்டு மட்டும் வட்டமாக இருக்கிறதே?

"அக்கா! இது ஓட்டையோட உருவம் இல்ல, சூரியனோட உருவம்! வாத்தியார் துணியில விழுந்துச்சே, அது மாதிரி!"

"போடி, கதை விடாத."

நவமணி வெள்ளைப் பீங்கான் தட்டை அந்த இடத்தில் வைத்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். வட்டத்தின் ஒரு ஓரத்தைக் காணோம்!

பக்கத்து வீட்டுச் சீனி வெளியிலிருந்து கத்தினான். "நவமணி! துணியில சூரியன் பாதிதான்லா இருக்கு!"

"எங்க வீட்டுலயும் பாதிதான்!"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கத்தினான். "இப்ப தேங்காய்க் கீத்து!"

"இங்கயும் கீத்துதான்!"

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மா திகைத்துப்போனாள். "ஐயையோ! கிரகணம் வீட்டுக்குள்ளயே வந்துருச்சா?"

அக்காவின் உள்ளங்கையில் குட்டிச் சூரியன் மின்னியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து அழுத முகமா அது! அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மெல்லத் தன் கையையும் நீட்டினாள்.

கிரகணம் விட்டதும் வாத்தியாரே வந்து தட்டைப் பார்த்தார். "பெரிய தொரை பங்களாவுக்குள்ளகூட சூரியன் வரலம்மா. நவமணி வர வெச்சிட்டா!" என்றார். கூட வந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சாயங்காலம் அப்பா ஒரு வழியாகத் தார் டின்னோடு ஏணியில் ஏறினார்.

"இறங்குங்க கீழே!" என்றாள் அம்மா. "மழைக்குத்தான் வாளி இருக்கே!"