கண்ணாடியின் உட்புறம்

எண்பத்திரண்டாம் வருடம் ஆடி மாதத்தில் தங்கையா அந்தப் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தார். குன்னூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் பழைய கட்டடம். உள்ளே லேசர் ஆய்வுக்கூடம். பகலிலும் கறுப்புத் திரை, பம்பின் இரைச்சல், சூடான எண்ணெய் வாடை.

கண்ணாடிகளைத் துடைப்பது அவர் வேலை.

"இதுக்குள்ள என்ன நடக்குது, தொரை?"

"தொரையா? எங்கப்பா கேட்டா சிரிப்பாருங்க." இளம் விஞ்ஞானி செலஸ்டின், எஃகுக் கலத்தின் சின்ன ஜன்னலைக் காட்டினான். "காத்தையெல்லாம் உறிஞ்சிட்டு, கொஞ்சம் ஹைட்ரஜன் விடுவோம். ஒரு மூலக்கூறுல ரெண்டு கரு. நடுவுல எலக்ட்ரானுக இருந்து சேத்துப் புடிச்சிருக்குங்கண்ணா. பலமான வெளிச்சம் அதுகளப் பிச்செடுத்துரும்."

"அப்புறம்?"

"ரெண்டு கருவும் ஆளுக்கொரு பக்கம் தெறிச்சு ஓடிரும்."

தங்கையா துடைக்கும் துணியை மடித்தார்.

இலங்கையில் இருந்தபோது, பிள்ளையில்லாத மச்சினிக்குக் கூப்பன் அரிசி கூடக் கிடைக்கட்டும் என்று, மகள் அன்னக்கிளியின் பெயரை மச்சினியின் ரேஷன் அட்டையில் எழுதக் கொடுத்திருந்தார். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நேரத்தில் காகிதப்படி அன்னக்கிளி மச்சினியின் மகள். மச்சினி இலங்கைப் பிரஜை. சீக்கிரம் சரிசெய்து கூட்டிக்கொள்ளலாம் என்று, மகளை மச்சினியிடம் விட்டுவிட்டு ரயிலேறினார்கள். ஹட்டனில் மழை. அவர் உள்ளிருந்து ஜன்னல் கண்ணாடியில் ஊதி, விரலால் புள்ளியாக ஒரு கண் வைத்தார். வெளியே நின்று மகள் இன்னொரு கண் வைத்தாள். வாய் வரைவதற்குள் ரயில் நகர்ந்தது.

தையில் கடிதம் வந்தது. காய்ச்சலில் அன்னக்கிளி இறந்துவிட்டாள். ஏழு வயது.

மனைவி சின்னம்மையிடம் அவர் சொல்லவில்லை. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளைக் கூடலூர்த் தோட்டத்தில் விட்டுவிட்டுக் குன்னூருக்கு வந்துவிட்டார். அவள் தீபாவளிக்கு மகளுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் இரண்டு அங்குலம் கூட்டி.

புரட்டாசியில் ஒருநாள் செலஸ்டின் கூப்பிட்டான்.

"ஏனுங்கண்ணா, ஊதித் தொடச்சீங்களா? ஜன்னலுக்கு உள்பக்கம் ஈரம்."

"வெளியதான் தொடச்சேன், தொரை."

கலத்தை இரண்டு நாள் சூடாக்கி, ஈரத்தை உறிஞ்சி எடுத்தார்கள். மூன்றாம் நாள் மாலை நான்கு மணி. செலஸ்டின் டீக்குப் போயிருந்தான். வெளியே மூடுபனி.

கலத்து ஜன்னலின் உட்புறத்தில் ஆவி படிந்தது.

சின்ன வாய் அளவு. விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

காற்றே இல்லாத கலத்துக்குள்.

ஆவியின் நடுவே ஒரு புள்ளி விழுந்தது.

"புள்ள..."

அவர் வெளியே ஊதி, பக்கத்தில் தன் புள்ளியை வைத்தார். உள்ளிருந்து ஒரு கோடு மெதுவாக வளைந்தது. கீழ்நோக்கி. அழுகிற வாய்.

"அம்மாகிட்ட சொல்லிர்றேன்," என்று கிசுகிசுத்தார்.

மறுநாள் லீவு போட்டுக் கூடலூர் போனார். சின்னம்மை கவுனுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"எப்ப வந்துச்சு?"

"தையில."

"எட்டு மாசம்." நூலைக் கடித்து அறுத்தாள். "எட்டு மாசமா என்னைத் தைக்க விட்டீங்க."

கவுனோடு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

இருட்டும்வரை வாசலில் நின்றார். பிறகு ஜன்னல் பக்கம் போனார். கண்ணாடிக்கு அப்பால் சின்னம்மை மூலையில், முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கவுன் மடியில் இருந்தது.

கண்ணாடியின் கீழ் ஓரத்தில், உட்புறம், ஆவி படிந்தது. ஒரு புள்ளி விழுந்தது.

தங்கையா குனிந்து தன் பக்கத்தில் ஊதினார்.

அவர் விரல் வைப்பதற்குள், உள்ளிருந்தே இரண்டாவது கண்ணும் விழுந்தது.