உள்பக்கம் பார்க்கும் மூலக்கூறு

ஏட்டுலைக்கு எழுத்து தெரியாது, படம் மட்டும்தான் தெரியும். மருந்துப் பக்கத்தை அதன் வாயில் கொடுத்தால், பத்தி பத்தியாக எழுதியிருப்பதையெல்லாம் தாண்டிப்போய் மூலக்கூறின் படத்தைக் கண்டுபிடித்து, அதன்படியே அணுக்களைக் கோத்து, தட்டில் ஒரு மாத்திரையாகப் போட்டுவிடும். வீட்டுக்கு வீடு ஏட்டுலை வந்த பிறகு மருந்துக் கம்பெனிகள் கடையைக் கட்டின. மருந்து செய்கிறவர்கள் என்று உலகத்தில் மிஞ்சியது, அம்பத்தூரில் கணினி முன்னால் உட்கார்ந்து எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுகிறவர்கள்தான். அந்த விஷயம் அவர்களுக்கே இன்னும் உறைக்கவில்லை.

எமல்டா இருபத்திரண்டு வருடமாகப் பக்கம் கட்டுகிறாள். வேதியியல் அவளுக்கு அத்துப்படி. காலடியில் உட்கார வேண்டிய சின்ன எண், தோளில் ஏற வேண்டிய மின்னேற்றக் குறி, ஒரு பிணைப்பு காகிதத்தை விட்டு நம்மை நோக்கி எழுகிறது என்று காட்டும் கறுப்பு ஆப்பு, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

தப்பியது ஒழுங்கன் செய்த வேலை. பக்கத்தின் அழகைப் பார்த்துக்கொள்ள அலுவலகம் வாங்கிப்போட்ட இயந்திரம் அது. படத்தில் உள்ள முகம் பக்கத்துக்கு உள்ளேதான் பார்க்க வேண்டும் என்று அச்சுக் காலத்து விதி ஒன்றை அதற்கு ஊட்டியிருந்தார்கள். முகத்துக்கு அது சரி. நடுக்கமடக்கி என்ற மருந்தின் மூலக்கூறு தன் நீண்ட வாலை வெளி ஓரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஒழுங்கன் அதையும் முகமாக நினைத்து இடம்வலமாகத் திருப்பி, உள்ளே பார்க்க வைத்துவிட்டது. அணு ஒன்றுகூடக் குறையவில்லை. எடை அதேதான், நிறம் அதேதான். உடம்புக்குள் போனால் மட்டும் இடதுகால் செருப்பை வலதுகாலில் மாட்டிய கதை.

அந்தச் செருப்பைத் தன் வீட்டுக்காரர் அமலதாசனே இரண்டு மாதமாக மாட்டிக்கொண்டிருந்தார் என்பது எமல்டாவுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அடங்கியிருந்த கை நடுக்கம் திரும்பி வந்தது. கூடவே கண்ணில் புகை படர்ந்தது. சந்தேகப்பட்டு, வேதியியலாளர் அனுப்பிய மூலப் படத்தையும் தான் கட்டிய பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவள், வால் எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டு, திருத்திய பக்கம் வரும்வரை மாத்திரை வேண்டாம் என்று அவரைத் தடுத்தாள்.

"சத்தம் போடாம அடுத்த பதிப்புல மாத்திக்கலாம் எமல்டாம்மா. எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் மேலாளர் கோதண்டபாணி.

"அடுத்த பதிப்பு வர ஒரு வருஷம் ஆகும் சார். அதுக்குள்ள எத்தனை பேருக்குக் கண்ணு போகும்? பகிரங்கமா திருத்தம் போடணும். தப்பை தப்புன்னு ஒத்துக்கணும்."

ஒன்பது நாள் சண்டை போட்டாள். வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்குப் போவேன் என்று மிரட்டினாள். கடைசியில் அவர் கையை விரித்து, "படிவம் இருக்கு, நீங்களே போடுங்க" என்றார்.

ஏட்டுலை வருவதற்கு முந்தைய காலத்துப் படிவம் அது. வந்த பிறகு யாரும் அதைத் தொட்டதே இல்லை. இடது கட்டத்தில் தவறு, வலது கட்டத்தில் சரி. இரண்டும் நிரம்பாமல் பக்கம் வெளியே போகாது. எமல்டா முதல் வேலையாக ஒழுங்கனை அணைத்தாள். ஒவ்வொரு ஆப்பையும் தன் கையாலேயே வைத்தாள். 'தவறு' என்ற சொல்லைத் தடித்த சிவப்பில் போட்டாள். மூன்று முறை சரிபார்த்து அனுப்பினாள். காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் அறுபதாயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனை வருடத்தில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை இதுதான் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அமலதாசன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"புதுப் பக்கம் வந்துச்சாங்க?"

"வந்துச்சு, உலையில கொடுத்துட்டேன். இன்னிக்கு ரெண்டு மாத்திரை விழுந்துச்சு. ரெண்டையும் முழுங்கிட்டேன்."

எமல்டா ஏட்டுலையிடம் ஓடினாள். அவள் கட்டிய பக்கம் அதன் வாயில் துருத்திக்கொண்டிருந்தது. தடித்த சிவப்பில் 'தவறு'. அதன் கீழே, ஆப்பு பிசகாமல், துல்லியமான படம். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக எதையும் வரைந்ததில்லை.

"ரெண்டையும் ஏங்க போட்டீங்க?"

"நீ கட்டின பக்கமாச்சே. எனக்கென்ன படிக்கவா முடியுது, எல்லாம் புகையாத்தான் இருக்கு."

படிக்க முடிந்தவர்கள் மட்டும் என்ன செய்துவிட முடியும்? தட்டில் விழும் இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே எடை. எது மருந்து, எது விஷம் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. கோதண்டபாணியை அழைத்துச் சொன்னாள்.

"பதறாதீங்கம்மா" என்றார் அவர். "அதுக்கும் ஒரு திருத்தம் போட்டுடலாம். படிவம்தான் இருக்கே."

எமல்டா ஏட்டுலையின் வாயிலிருந்து பக்கத்தை உருவி எடுத்தாள்.

"போன்ல யாரு, உங்க மேனேஜரா?" என்று ஜன்னலோரத்திலிருந்து அமலதாசன் கேட்டார். "நாளைக்கும் ரெண்டுதானான்னு கேட்டு வச்சுக்கோ."