கூப்பிடாமல் அமுக்கிய கட்டு

உப்புவெளி பஸ்ஸால் இறங்கிக் கழிவு நிலையத்தின் கேற்றைத் திறக்கும்போதே சுலக்ஷனாவுக்கு அலுத்துவிட்டது. நகரத்துக் கடைகளிலிருந்து ட்ரக்டர் ட்ரக்டராய்க் கொண்டுவந்து கொட்டிய வெற்றுப் போத்தல்கள் கூரைக்கு வெளியே குவிந்து கிடந்தன. துறைமுகப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் போத்தலுக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் நுளம்பு, பிறகு ஊரெல்லாம் டெங்கு. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் அதிகாரி மத்தியானம் வருகிறார். வெளியே போத்தல் கிடந்தால் நிலையத்தை மூடுவேன் என்று போன முறையே சொல்லிவிட்டுப் போன மனுஷன் அவர். மூடினால் மேற்பார்வைக்கு இருக்கிற சுலக்ஷனாவும் வீட்டுக்கு, குப்பை பிரிக்கிற அத்தனை பேரும் வீட்டுக்கு.

போத்தல்களை அமுக்கிக் கட்டாக்கும் மெஷின் நிக்கலஸின் பொறுப்பு. வாய் ஓயாத மனிதர். அவருடைய கரகரத்த குரல் கேற்றடிவரை கேட்கும். அந்த மெஷின் ஆளுயரத்துக்கு மேல் ஆழமான ஓர் இரும்புப் பெட்டி. போத்தல்களைக் கொட்டி, ஒருவர் உள்ளே இறங்கி மிதித்துவிட்டு ஏறிய பிறகுதான் மேலிருந்து தகடு இறங்கும். ஆகவே பொத்தானைத் தொடுமுன் உள்ளே பார்த்துக் கூப்பிட வேண்டும் என்பது விதி. பதில் வராவிட்டால் அமுக்கலாம். இத்தனை வருடத்தில் பதில் வந்ததேயில்லை. வரவும் கூடாதே!

“உள்ளுக்க ஆரும் நிக்கிறியளோ?” என்று அன்றும் கத்தினார் நிக்கலஸ்.

“ஓம், நான் நிக்கிறன்.”

சுலக்ஷனா திரும்பிப் பார்த்தாள். நிக்கலஸ் வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

குரல் அவருடையது.

“நிக்கலஸ் அண்ணை, பகிடி விட உங்களுக்கு இதுவோ நேரம்?”

“அந்தோனியாராணை நான் வாய் திறக்கேல்ல மிஸ்.” அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

இருவருமாகப் பெட்டியின் கதவைத் திறந்து போத்தல்களை வாரி வெளியே போட்டார்கள். புளித்த சோடா மணம் அடித்தது. அடித்தகடு வரைக்கும் வழித்தாயிற்று. ஈ காக்கை இல்லை. திரும்ப எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினார்கள். சுலக்ஷனாவுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. இந்த முறை அவளே கூப்பிட்டாள்.

“ஓம் மிஸ், நான் நிக்கிறன்.”

அவள் இரண்டடி பின்வாங்கினாள். அழுகை வந்தது, பயத்திலா களைப்பிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

“விடுங்கோ அண்ணை. மூடுறதெண்டால் மூடட்டும்.”

“மூடினால் இந்த வயசில எனக்கு ஆர் வேலை தருவினம்?” நிக்கலஸ் குரலைத் தாழ்த்தினார். “உள்ளுக்க ஆள் இல்லையெண்டு கண்ணால பாத்தனாங்கள். நான் இங்க நிக்கிறன். கூப்பிட்டால்தானே பதில் வருது? இந்த முறை கூப்பிடாமல் அமத்துவம்.”

அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கக்கூட உடம்பில் தென்பில்லை. சரியென்று தலையாட்டிவிட்டாள்.

தகடு இறங்கியது. போத்தல்கள் படபடவென்று வெடித்தன. கத்தலும் இல்லை, கூச்சலும் இல்லை.

கடைசியில் மட்டும், நீளமாக ஒரு மூச்சு.

கட்டைக் கம்பியால் இறுக்கி வெளியே தள்ளினார் நிக்கலஸ். அதற்குப் பிறகு மளமளவென்று வேலை நடந்தது. அடுத்தடுத்த கட்டுகளுக்குக் கூப்பிட்டபோது பதிலே வரவில்லை. கூப்பிட்டது சுலக்ஷனாதான். நிக்கலஸ் பேசாமல் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்தார். சுற்றிப் பார்த்தார். திருப்தி என்று தலையாட்டினார். கட்டுகளையும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, தூறல் விழுமுன் புறப்பட்டுப் போனார். அப்பாடா என்று சுலக்ஷனா கதிரையில் சாய்ந்தாள்.

“நிக்கலஸ் அண்ணை, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?”

அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

“இல்லை மிஸ், இன்னும் குடிக்கேல்ல.”

பதில் அவருக்குப் பின்னால், முதலாவது கட்டுக்குள்ளிருந்து வந்தது.

நிக்கலஸ் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப வாயைத் திறந்து மூடினார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மனைவி ஐவி. அடித்து ஓய்ந்து திரும்பவும் அடித்தது. வேறு என்ன செய்வார் பாவம்? தள்ளாடித் தள்ளாடிப் போய் முழங்காலிட்டு, போனைக் கட்டோடு சேர்த்துப் பிடித்தார்.

“ஓம் ஐவி... வேலைதான்... சாப்பிட்டனான். இல்லையடி, சுணங்காது, வந்திடுவன்.”

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கட்டுக்குள்ளிருந்து வந்த குரலில் அழுகையின் சாயல்கூட இல்லை.

கட்டுகளை ஏற்ற லொறியோடு கிண்ணியா ஊர்க்காரர் நௌபர் வந்து நின்றார். “மிஸ், ஏத்துவமோ? கொழும்புக்கு ராவோட போய்ச் சேரோணும்.”

“இந்த முதல் கட்டை ஏத்தேலாது, நௌபர் நானா.”

“ஒண்டையும் வைக்க வேண்டாமெண்டு அதிகாரி ஐயா சொல்லிப்போட்டுப் போனாராம். பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல்.”

“வரட்டும். வேலை போனாலும் போகட்டும்!” சுலக்ஷனா உள்ளே ஓடிக் கம்பி வெட்டியை எடுத்து வந்தாள். தலையாட்டியது அவள். அவிழ்க்க வேண்டியதும் அவள்தான். தூறல் மழையாகி முகத்தில் அடித்தது. அவள் குனிந்து முதல் கம்பியில் வெட்டியை வைத்தாள்.

“வெட்டாதேங்கோ மிஸ்.”

அவள் கை நின்றது.

“கம்பியை இறுக்கமா விடுங்கோ.” குரல் இப்போது ரகசியம் சொல்வதுபோல் இறங்கியிருந்தது. “உள்ளுக்க நான் மட்டும் இல்லை. மற்றது என்னைப் பிடிச்சுக்கொண்டு வெளிய வரப் பாக்குது.”

சுலக்ஷனா நிமிர்ந்தாள். மழைக்குள் முழங்காலில் இருந்த நிக்கலஸ் இரண்டு கையையும் கூப்பி, வெட்டுங்கோ வெட்டுங்கோ என்று சத்தமில்லாமல் கெஞ்சிக்கொண்டிருந்தார்.