ஜனத்தொகைத் தாளில் ஐந்தாவது ஆள்

தாளின் அடியில், ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த ஹெட்லி வாத்தியார் போட்டது ஐந்து. கிரிசலுக்கு எழுத்துத் தெரியாது. ஆடுகளுக்குக் குறி போட்டுப் பழகியதில் எண் மட்டும் தெரியும்.

“நாலு பேர்தான் வாத்தியாரய்யா. நான், என் வீட்டுக்காரர், ரெண்டு பொண்ணுங்க.”

1861 ஏப்ரல். ஆடுகள் ஈனும் காலம். அவள் கணவன் வாட், நாயோடு மூன்று நாளாக, இங்கிலாந்தின் வட எல்லைச் செவியட் மலைமேல் மந்தையோடு கிடந்தான். மூடுபனி வாசற்படி வரை இறங்கியிருந்தது. எங்கோ ஒரு தாயாடு விடாமல் கத்திக்கொண்டிருக்க, ஈரக் கம்பளி நெடியும் அடுப்புப் புகையும் ஓட்ஸ் கஞ்சி தீய்ந்த வாடையும் அந்த ஒற்றை அறைக்குள் போக வழியில்லாமல் அடைந்து நின்றன.

வாத்தியாரின் பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்தது. “காலையிலேர்ந்து இது ஏழாவது வீடும்மா. ஒருத்தி வயசை மறைக்கிறா, ஒருத்தன் மாமியாரை மறைக்கிறான். நீ பெத்த பிள்ளையையே மறைக்கிறே.”

“எந்தப் பிள்ளையை?”

“வெளியே அடுப்பெரிக்கக் கரிமண் கட்டி அடுக்கியிருக்கே, அங்க குந்தியிருக்கு. இந்தக் குளிர்ல உடம்புல ஒட்டுத்துணி இல்ல. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல. யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டா, உன் கதவைக் காட்டுது.”

சுற்றி நான்கு மைலுக்கு வேறு வீடே கிடையாது. கிரிசலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மெய்சி, போய்ப் பாத்துட்டு வாடி. அப்பத்தான் இவரு நம்புவாரு.”

ஐந்து வயதுச் சின்னவள் சிவப்புச் சட்டையோடு ஓடிப் பனிக்குள் மறைந்தாள்.

“அந்த அஞ்சை அடிச்சுடுங்க ஐயா.”

“மையில எழுதியாச்சு. அடிச்சா மேல இருக்கறவன் என்னைத்தான் பிடிப்பான்.”

“பனியில ஆட்டைப் பாத்துட்டுப் பிள்ளைங்கறீங்க.”

“ஆடு கை நீட்டிக் காட்டுமா?”

தாளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே போய்விட்டார். கிரிசல் காலியான வாளியை எட்டி உதைத்தாள். படிக்காதவள் சொன்னால் யார் கேட்கிறார்கள்! வாளி உருண்டு நின்ற பிறகுதான் கவனித்தாள். தாயாட்டின் சத்தம் நின்றிருந்தது. கரிமண் குவியல் பத்தடி தூரம். மெய்சி இன்னும் வரவில்லை.

“மெய்சி!”

கதவு மெல்லத் திறந்தது. சிவப்புச் சட்டை.

“யாரும் இல்லம்மா.”

கிரிசலுக்கு மூச்சு வந்தது. ஆனால் பெரியவள் எஃபி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“என்னடி?”

எஃபி தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணைச் சின்னவள்மேலிருந்து எடுக்கவில்லை.

“ரெண்டு பேரும் சேந்து என் உயிரை வாங்குங்க.” கிரிசல் சின்னவளை மடியில் இழுத்துப்போட்டு உச்சி முகர்ந்தாள். பால் வாடை. புகை வாடை. மெய்சியேதான்.

பிடரியில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது.

நூல். ஒரு முடிச்சு.

குட்டி செத்துப்போனால் வாட் அதன் தோலை உரிப்பான். தாயில்லாத வேறொரு குட்டிமேல் போர்த்தி, நூலால் இழுத்துக் கட்டுவான். தாயாடு முகர்ந்து பார்க்கும். தன் குட்டி என்றே பால் கொடுக்கும்.

கிரிசல் சட்டைக் கழுத்தை விலக்கினாள்.

இன்னொரு முடிச்சு. அதன்கீழ் இன்னொன்று. முதுகு நெடுக. தோலின் இரண்டு ஓரமும் சரியாகச் சேரவில்லை.

“அம்மா,” என்றது அது. “பசிக்குது.”

அவள் மார்பில் முட்டியது.