ஓசை வராத அரை நிமிஷம்

பனி விலகாத ஒரு காலையில், போலீஸ்காரர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அலுவலகத்துக்குத் தபால்காரரின் மனைவி வந்தார்.

"நேத்துக் காலையில குடிச்சுட்டு சைக்கிள்ல இருந்து விழுந்தார்னு போலீஸ்காரர் எழுதிட்டாரும்மா. சொட்டுக்கூடத் தொடாத மனுஷன். வேலையே போயிடும்போல."

"அவர் என்ன சொல்றார்?" விசாரணை அதிகாரியம்மாள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"பின்னாலேருந்து ஒரு கை தபால் பையைப் பிடிச்சு இழுத்துச்சுன்னார். இப்ப அவருக்கே சந்தேகம். கனவுதானோங்கறார். மண்டையில அடியாச்சே."

அம்மாளின் குமாஸ்தாவுக்கு அலுவலகத்தில் 'பட்டாசு' என்று பெயர். திரி கிள்ளுமுன்னே வெடிப்பார். "வாங்க மேடம், போலீஸ்காரர் சட்டையில மாட்டியிருந்த கேமராவைப் பார்த்துடுவோம்!" என்று எழுந்துவிட்டார்.

கேமரா அறையின் திரையில் பனிக்குள் ஒரு தெரு மிதந்தது. கேமராவுக்கு நேர் கீழே தபால்காரர் கிடந்தார். கடிதங்கள் சிதறிக் கிடந்தன. சாய்ந்த சைக்கிளின் முன்சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்று, தூக்கம் வந்ததுபோல் மெல்லத் தளர்ந்து நின்றது. பட்டாசுக்கே கண் சொக்கியது. சட்டென்று காகம் கரைந்தது, கூடவே, "யோவ், என்னய்யா ஆச்சு?" என்று போலீஸ்காரரின் குரல்.

"மைக் பழுது! இல்லே, சத்தத்தை அழிச்சிருக்காங்க!" என்றார் பட்டாசு.

"ரெண்டும் இல்லே சார்," என்றார் அறைப் பொறுப்பாளர். "கேமரா எப்பவும் பார்த்துக்கிட்டேதான் இருக்கும். பதிவுப் பொத்தானை அழுத்தினா, அதுக்கு முந்தின அரை நிமிஷப் படமும் சேர்ந்து பதிவாகும். சத்தம் மட்டும் அழுத்தின பிறகுதான்."

"போலீஸ்காரர் எழுதிக் கொடுத்ததைப் படிங்க," என்றார் அம்மாள்.

பட்டாசு படித்தார்: "'தெருமுனை திரும்பியதும், தொலைவில் ஒருவர் கிடப்பதைக் கண்டேன். உடனே பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன். அவர் விழுந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.'"

அம்மாள் புன்னகைத்தார். பட்டாசுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் மதியம் போலீஸ்காரர், அவருடைய இன்ஸ்பெக்டர், தபால்காரர், அவர் மனைவி எல்லோரும் அந்தத் திரைமுன் உட்கார்ந்தார்கள்.

"முனையில அழுத்தியிருந்தா, அதுக்கு முந்தின அரை நிமிஷத்துல நீங்க நடந்து வந்த தெருதானே தெரியணும்?" அம்மாள் நிதானமாகக் கேட்டார். "முதல் காட்சியிலேயே இவர் உங்க காலடியில கிடக்காரே."

"பதற்றத்துல, கிட்ட வந்து அழுத்தியிருப்பேன்."

"சரி. விழுந்து வெகுநேரம் ஆச்சுன்னா, சக்கரத்தைச் சுத்திவிட்டது யாரு?"

பட்டாசு வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார்.

"அவர் விழுந்தப்போ நீங்க பக்கத்துலயே இருந்தீங்க," என்றார் அம்மாள்.

போலீஸ்காரர் தலைகுனிந்தார். "நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டேன். பனியில காதுல விழலைபோல, நிக்கலை. பையைப் பிடிச்சு இழுத்தேன். விழுவார்னு நினைக்கலைம்மா. குடிச்சிருந்தார்ங்கறது நானா எழுதினது."

இன்ஸ்பெக்டர் எழுந்து, போலீஸ்காரர் சட்டையிலிருந்த கேமராவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தபால்காரர் தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "அப்ப எனக்குப் புத்தி பிசகலை," என்றார்.

அவர் மனைவி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கீழே கிடந்தவரைத் தூக்காம அரை நிமிஷம் நின்னிருக்கீங்களே, அப்ப என்ன யோசிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

போலீஸ்காரர் மேஜைமேல் கிடந்த கேமராவைப் பார்த்தபடி சொன்னார்.

"என்ன எழுதறதுன்னு."