மூச்சூட்டி

அன்று யாழிக்கு மூச்சு சீராக இருந்தது. அதனால்தான் குணாளன் அன்றைக்கே வேலையை முடித்துவிடத் துடித்தான். பிள்ளைக்கு வீசிங் வரும் நாளில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

வேளச்சேரியில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தின் கீழ்த்தளங்களைக் கடல் எடுத்துக்கொண்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மூன்றாம் மாடிப் பால்கனிதான் இப்போது படித்துறை. அங்கே கட்டியிருந்த நீருந்தின், அதாவது தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டரின், இருக்கையைக் கழற்றி, இன்ஜின் பக்கவாட்டில் தேங்காய் அளவுள்ள ஓர் அலுமினியக் கூட்டை முடுக்கிக்கொண்டிருந்தான் அவன். கடையில் அதற்குப் பெயர் சூப்பர்சார்ஜர். ஊர் வைத்த பெயர் மூச்சூட்டி.

"இது என்னங்க பண்ணும்?" என்றாள் அவன் மனைவி ஷர்மிளா.

"இன்ஜின் தானா இழுக்கற காத்து கொஞ்சந்தான். இதுக்குள்ள ஒரு சின்ன காத்தாடி சுத்தும். வெளிக்காத்தை அமுக்கி உள்ள தள்ளும். காத்து கூடினா எண்ணெயை அதிகமா எரிக்கலாம். அதே இன்ஜின், ரெண்டு மடங்குக்கு மேல வேகம்."

"இன்ஜினுக்கு மூச்சு குடுக்க மிஷின் இருக்கு. என் புள்ளைக்கு ஒண்ணு கண்டுபிடிக்க ஆளில்ல."

குணாளன் திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். அவள் சொன்னது சரிதான். சுவரெல்லாம் ஈரம், ஈரமெல்லாம் பூஞ்சை. ஐந்து வயது யாழியின் நெஞ்சில் எப்போது பூனை கத்த ஆரம்பிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருவரும் தூங்கினார்கள். வீட்டில் இருந்த, மூக்கில் வைத்து இழுக்கும் புகை மருந்து பாதி நாள் கேட்டது, பாதி நாள் கேட்கவில்லை. கேட்காத நாளில் பள்ளிக்கரணை மிதவை மருத்துவமனைக்குப் பறக்க வேண்டும். போன முறை பதினெட்டு நிமிடம் ஆயிற்று. பிள்ளையின் உதடு நீலமாகியிருந்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம் தாண்டியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், ஷர்மிளாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த நகரத்தில் யாரும் கிலோமீட்டர் பேசுவதில்லை. சாலைகள் முழுகியபோது மைல்கற்களும் முழுகிவிட்டன. கடை நான்கு நிமிடம், பள்ளி பன்னிரண்டு நிமிடம், மாமியார் வீடு அரை மணி, அவ்வளவுதான். நகரத்தை நிர்வகிக்கும் 'நகர்மதி' என்ற கணிமூளையும் அப்படித்தான் அளந்தது. ஒவ்வொரு நீருந்தும் ஓடும் வேகத்தை அது நாள் முழுதும் கவனிக்கும். எந்த வீட்டுக்கும் மருத்துவமனை இருபது நிமிடத்துக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்பது அதற்கு இடப்பட்ட கட்டளை. மருத்துவமனைகள் எல்லாம் மிதவைகள் என்பதால், தேவைப்பட்ட இடத்துக்கு இழுவைப்படகு கட்டி இழுத்துப் போய்விடலாம். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சினார்கள்.

குணாளன் தண்ணீர் வாரியத்தில் பம்ப் பார்ப்பவன். இன்ஜின் அவனுக்குப் புதிதல்ல. மாலைக்குள் மூச்சூட்டி மாட்டியாயிற்று. தாங்காத அளவுக்கு அழுத்தம் ஏறினால் திறந்து வெளியேற்றிவிட ஒரு வால்வும் வைத்தான். ஷர்மிளாவுக்கும் ஓட்டக் கற்றுக் கொடுத்தான்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. முன்னாடி எது வந்தாலும் வேக விசையை விட்டுடாதே. பின்னாடி தண்ணி பீச்சி அடிச்சாத்தான் வண்டி திரும்பும். பயந்து கையை விட்டா, நேராப் போய் இடிக்கும்."

"பயந்தா கை தானா விட்டுடுமேங்க."

"அதான் சொல்றேன்."

மறுநாள் வெள்ளோட்டம். மூச்சூட்டி கொசு கூட்டமாய்ப் பாடுவதுபோல் கீச்சிட, வண்டி பள்ளிக்கரணையை ஏழு நிமிடத்தில் தொட்டது. ஷர்மிளா அழுதேவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றிரவு இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நல்லது தனியாக வருமா? எதிர் அடுக்ககத்து பத்ரி சார் ஒரு வாரத்தில் மூச்சூட்டி மாட்டினார்.

"உங்களுக்கு எதுக்கு சார்?"

"நீ போற வேகத்துல கிளம்பற அலை என் வண்டியைக் கவுத்துடுதுப்பா. மெதுவாப் போறவனுக்குத்தான் இப்ப ஆபத்து. அதோட இட்லி சூடா வீடு வந்து சேருது."

பத்ரி சார் கிளப்பிய அலைக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரர் மாட்டினார். அவருக்குப் பயந்து அடுத்த தெரு. மழைக்காலம் முடிவதற்குள் தென்சென்னை முழுக்கக் கொசு பாடியது. மீன்காரி கூட மூச்சூட்டி வைத்திருந்தாள். நகர்மதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வண்டித் திரையில், 'நன்றி. உங்கள் வேகம் கணக்கில் சேர்ந்தது' என்று மரியாதையாக எழுதிக் காட்டியது.

தை மாதத்தில் ஒரு நாள், வீட்டு வாசல் திரையில் அறிவிப்பு வந்தது. 'மருத்துவ ஏற்பாடுகள் சீரமைக்கப்பட்டன. உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. மருத்துவமனை: இருபது நிமிடம்.'

"இருபதுன்னு போட்டிருக்கே?" என்றாள் ஷர்மிளா.

"அது ஊருக்குச் சொல்ற கணக்கு. முன்னயும் பதினெட்டு, இருபதுன்னுதான் இருந்துச்சு. நமக்கு ஏழுதான்."

சொல்லிவிட்டுக் குணாளன் சாப்பிட உட்கார்ந்தான். அவன் செய்த தவறு அது ஒன்றுதான்.

நான்காம் நாள் மதியம் யாழி தட்டிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. புகை மருந்து கேட்கவில்லை. நெஞ்சில் கத்திய பூனையின் சத்தம் குறைய ஆரம்பித்தது. அதுதான் பயம். சத்தம் குறைந்தால் காற்றே போகவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, பின்னாலிருந்து ஷர்மிளா அணைத்துக்கொள்ள, நீருந்து சீறிக் கிளம்பியது. "இதோ வந்துடுச்சு கண்ணு, ஏழே நிமிஷம்" என்று அவள் பிள்ளையின் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பள்ளிக்கரணையில் மருத்துவமனை இல்லை.

மிதவை கட்டியிருந்த நான்கு கம்பங்கள் மட்டும் தண்ணீரில் நின்றன. அவற்றில் ஒன்றில் கட்டியிருந்த மஞ்சள் மிதவைப்பெட்டி இனிமையான குரலில் பேசியது. "இம்மருத்துவமனை நாவலூர் மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டுள்ளது. உங்கள் பயண நேரம் இருபது நிமிடத்தைத் தாண்டாது. நன்றி."

குணாளனுக்கு அப்போதுதான் விளங்கியது. இருபது நிமிடம் என்று திரை சொன்னது பழைய வண்டியின் இருபது நிமிடம் இல்லை. மூச்சூட்டி வைத்த வண்டியின் இருபது நிமிடம். ஊர் ஏழு நிமிடத்தில் வருகிறது. இத்தனை கிட்டத்தில் மருத்துவமனை எதற்கு என்று நகர்மதி கணக்குப் போட்டிருக்கிறது. அதன் கணக்கில் பிழையே இல்லை.

"என்னங்க நிக்கறீங்க? போங்க! எங்கயாவது போங்க!"

"இன்னும் பதிமூணு நிமிஷம் ஆகும் ஷர்மி."

"பதிமூணு இவ தாங்க மாட்டா."

அவன் இன்ஜின் மூடியைத் திறந்தான். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வின் திருகை முழுக்க இறுக்கினான். இனி மூச்சூட்டி தள்ளும் காற்று அத்தனையும் இன்ஜினுக்குள் போயே ஆக வேண்டும். இன்ஜின் தாங்கினால் தாங்கும். வெடித்தால் நடுத்தண்ணீரில் மூன்று பேர். வேறு வழி தெரியவில்லை.

வண்டி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. கீச்சு அலறலாகிவிட்டது. காலுக்கடியில் சூடு ஏறியது, எண்ணெய் கருகும் வாடை வந்தது. சோழிங்கநல்லூர் மேம்பாலத் தூண்களைத் தாண்டும்போது, கட்டடம் ஒன்றின் மறைவிலிருந்து அரிசி ஏற்றிய தெப்பம் குறுக்கே வந்தது. குணாளனின் கட்டைவிரல் விசையை விட்டுவிடத் துடித்தது. உடம்பே விடு விடு என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினான். வண்டி சாய்ந்து, தெப்பத்துக்காரனின் வசவைப் பாதி கேட்டு, மூட்டைகளை உரசித் திரும்பியது.

"மூச்சு இருக்கா?" என்று முன்னால் பார்த்தபடியே கத்தினான்.

"இருக்கு! பேசாதீங்க, போங்க!"

நாவலூரில், வாசலிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார் பெனிட்டா சிஸ்டர். பள்ளிக்கரணையில் இருந்த அதே சிஸ்டர்தான். குணாளன் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தான். ஷர்மிளா உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தேய்ந்து தேய்ந்து நடந்தாள். ஒரு யுகம் கழித்து சிஸ்டர் வெளியே வந்து, "சத்தமா அழறா, கேக்குதா? அழுதா நல்லது" என்றார். அதைக் கேட்டு ஷர்மிளாவும் சத்தமாகவே அழுதாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குணாளன் வால்வைப் பழையபடி தளர்த்திவிட்டுக் கிளம்பும்போது சிஸ்டர் படித்துறை வரை வந்தார்.

"போகும்போது மெதுவாப் போங்க சார். எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கோம். ஊரே மெதுவாப் போனா நகர்மதி மறுபடி ஆஸ்பத்திரியைக் கிட்டக் கொண்டாந்துடும். பள்ளிக்கரணையில இருந்தப்பவும் மெதுவாப் போங்கன்னுதான் சொன்னோம். எல்லாரும் சரின்னுதான் தலையாட்டினாங்க."

வண்டியை முடுக்கியதும் திரை கண் விழித்தது. 'நன்றி. தங்கள் முந்தைய பயணம்: பதினாறு நிமிடம். இவ்வழியின் இயலும் வேகம் திருத்தப்படுகிறது.'

ஷர்மிளா அதைப் படித்தாள். இந்த வேகத்தைக் கணக்கில் எடுத்தால் மருத்துவமனை இன்னும் தள்ளிப் போகும் என்று அவளுக்குப் புரிந்தது. கணவனின் தோளை அழுத்திப் பிடித்தாள். "மெதுவா போங்க. எத்தனை நேரம் ஆனாலும் பரவாயில்ல. நாமளாவது மெதுவா போவோம்."

போனார்கள். நடப்பவன் முந்திவிடலாம் போல அத்தனை மெதுவாக. குணாளனுக்கு மனசு லேசாக இருந்தது. பத்ரி சாரிடம் பேச வேண்டும், தெருக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். பின்னாலிருந்து கீச்சொலி வந்தது. ஒன்றல்ல, ஆறேழு வண்டிகள். வேலைக்குப் போகிறவர்கள், பாவம். இரண்டு பக்கமும் உரசிக் கடந்து போனார்கள். அவர்கள் கிளப்பிய அலை எழும்பி மூன்று பேரையும் தலை முழுக்க நனைத்துவிட்டு இறங்கியது.

யாழி இருமினாள்.

ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. ஷர்மிளா பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள். குணாளன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தண்ணீர் குடித்த இருமலாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும். ஆனால் யார் நின்று பார்ப்பது?

"திருப்புங்க" என்றாள் ஷர்மிளா. "ஆஸ்பத்திரிக்கே திருப்புங்க. சீக்கிரம்."

விசையை அழுத்தாமல் வண்டி திரும்பாது. குணாளன் அழுத்தினான்.

'நன்றி' என்றது திரை.